ஸ்நேக் பிளாண்டைக் காயவைக்கும் வேலை

ஹெர்பேரியத்தில், அதாவது காயவைத்த செடிகளைத் தாளில் ஒட்டிச் சேமித்து வைக்கும் இடத்தில், வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. அலமாரியிலிருந்து கட்டை எடுத்துத் தாள் தாளாகப் புரட்டும்போது, லேபிளில் ‘தோட்டத்தில் வளர்ந்தது’ என்று கண்ணில் பட்டால் கை தானாக அடுத்த தாளுக்குப் போய்விடும். எந்த மலை, எந்த ஆற்றங்கரை, கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம், யார் பறித்தது, எந்தத் தேதி என்று எழுதியிருந்தால்தான் மரியாதை. கண்ணாடிக் கூரைக்குக் கீழே தொட்டியில் வளர்ந்து, யாரோ தினமும் தண்ணீர் ஊற்றிய செடி என்றால் அது இரண்டாந்தரம். இந்த வேலையில் சேர்ந்தபோது எனக்குச் சொல்லித் தந்ததும் இதுதான். பொதுவாக அது சரியும்கூட. ஆனால் ஒரு செடி விஷயத்தில் நான் அந்தக் கட்சியில் இல்லை. அந்தச் செடி உங்களில் பாதிப் பேர் வீட்டில் இருக்கும்.

நர்சரியில் ஸ்நேக் பிளாண்ட் என்று கேட்டால் தருவார்களே, அதுதான். வாள் மாதிரி நிமிர்ந்த இலை, குறுக்கே பாம்புப் பட்டை, ஓரத்தில் மஞ்சள் கரை. அதன் பேரினத்தின் பெயர் சான்செவியேரியா. சுமார் 70 சிற்றினங்கள் உண்டு. பெரும்பாலானவை ஆப்பிரிக்காவைச் சேர்ந்தவை. சில அரேபியாவிலும் இந்தியாவிலும் இலங்கையிலும் உண்டு. வரவேற்பறையில் நிற்கும் அந்த ஒரு வகையைப் பார்த்துவிட்டு இந்தக் குடும்பமே இப்படித்தான் என்று நினைத்துவிட வேண்டாம். விரல் தடிமனுக்கு உருண்ட இலை உள்ளவை, விசிறி மாதிரி இரண்டு பக்கமாக அடுக்கியவை, ஒரே ஒரு இலை மட்டும் மண்ணிலிருந்து ஈட்டியாக எழுந்து நிற்பவை என்று எல்லாம் உண்டு.

நான் இருப்பது இங்கிலாந்தில், ஒரு பல்கலைக்கழகத் தோட்டத்தில். பெரிய இடம் இல்லை. தோட்டத்துக்குப் பின்னால் ஒரு பசுமைக்குடிலில், வறண்ட நாட்டுச் செடிகள் வரிசையாக நிற்கின்றன. பல தொட்டிகள் நான் பிறப்பதற்கு முன்பே கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து கிழங்காகவோ கன்றாகவோ வந்தவை. அவற்றில் ஏதாவது பூத்தால் உடனே மாதிரி எடுத்து, காயவைத்து, தாளில் ஒட்டி, லேபிள் எழுதி அலமாரியில் வைப்பது என் வேலை. பூத்தால் என்பதுதான் இதில் சிக்கல். சான்செவியேரியா தன் இஷ்டத்துக்குத்தான் பூக்கும். ஒரு குருத்து ஒரு முறை பூத்துவிட்டால் அந்தக் குருத்து மறுபடி பூக்காது. பக்கத்தில் கிளம்பும் அடுத்த கன்றுக்காகக் காத்திருக்க வேண்டும். பூவும் இரவில்தான் விரியும். அதனால் சாயங்காலம் எல்லோரும் வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில் பசுமைக்குடிலைப் பார்த்துக்கொள்ளும் பெண்மணியிடமிருந்து போன் வரும்: “உன் செடி இன்றைக்குத் திறக்கப்போகிறது.” அது ‘என்’ செடி ஆனது எப்போது என்று தெரியவில்லை.

ஹெர்பேரியம் தாள் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு: கெட்டியான வெள்ளைத் தாள், ஏறக்குறைய 42 சென்டிமீட்டர் நீளம், 27 சென்டிமீட்டர் அகலம். அதில் காய்ந்த செடியை ஒட்டி, வலது கீழ் மூலையில் விவரம் எழுதுவோம். சாதாரணச் செடிக்கு இது அருமையான ஏற்பாடு. துளசிக் கிளையைச் செய்தித்தாளுக்கு இடையில் வைத்து அழுத்தினால் ஒரு வாரத்தில் தயார்; இருநூறு வருஷம் கழித்துப் பார்த்தாலும் துளசி என்று தெரியும். சதைப்பற்றுள்ள செடி இந்த ஏற்பாட்டுக்கு ஒத்துழைக்காது. அதன் உடம்பே தண்ணீரைப் பிடித்து வைக்கத்தான் இருக்கிறது. அழுத்தி வைத்தால் சாகாது. கட்டுக்குள் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். ரணகள்ளி இலையைச் செய்தித்தாளுக்குள் வைத்துவிட்டு மறந்தால் ஓரத்தில் குட்டி போட்டிருக்கும். அதற்குள் ஈரத்தில் பூஞ்சை பிடித்துச் செய்தித்தாள் கறுத்துவிடும்.

அதனால் முதலில் அதைக் கொல்ல வேண்டும். சிலர் கொதிநீரில் முக்குவார்கள், சிலர் ஸ்பிரிட்டில் ஊறவைப்பார்கள், சிலர் மைக்ரோவேவில் வைப்பார்கள். நான் உறைபெட்டியில் வைப்பேன். உறைந்து உருகும்போது உள்ளே செல்லெல்லாம் உடைந்து, இலை தளர்ந்துவிடும், தண்ணீரை விட்டுவிடும். ஆனால் சான்செவியேரியாவை உறைபெட்டிக்கு அனுப்பும் முன் ஒரு வேலை இருக்கிறது. உண்மையில் அதுதான் முக்கியமான வேலை.

பறித்த இலையின் நடுப்பகுதியில் கூரான கத்தியால் குறுக்கே ஒரு வெட்டு. கத்தி சதைக்குள் சுலபமாக இறங்கும், அப்புறம் நாரில் போய் நிற்கும். கொஞ்சம் ரம்பம் மாதிரி இழுத்துத்தான் அறுக்க வேண்டும். வெட்டின இடத்தில் வெள்ளைப் புள்ளிகளாக நார் முனைகள் தெரியும். கசியும் சாறு விரலில் பட்டால் தேய்க்கத் தேய்க்க நுரைக்கும், சோப்புத்தன்மையுள்ள சப்போனின் அதில் இருக்கிறது. அந்த வெட்டு முகத்தை அப்படியே தாளில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்துவிடுவேன். சிலது பிறை மாதிரி இருக்கும், சிலது முழு வட்டம், சிலது ஒரு பக்கம் மட்டும் பள்ளம் விழுந்த வட்டம். அளவு மாற்றாமல் அசல் அளவிலேயே வரைய வேண்டும். பிறகு இலை ஓரத்தை லென்ஸில் பார்த்து எழுதிக்கொள்வேன்: செங்கபில நிறமா, அதற்கு வெளியே மெல்லிய வெள்ளைத் தோல் விளிம்பு இருக்கிறதா, தடவினால் வழுவழுப்பா சொரசொரப்பா, பட்டைகள் இருபுறமும் உண்டா, நுனி முள் கெட்டியா மெத்தென்றதா. இதெல்லாம் பச்சையாக இருக்கும்போது மட்டும்தான் பார்க்க முடியும்.

அதற்கப்புறம் உறைபெட்டி. வெளியே எடுத்து இலையை நீளவாக்கில் பிளந்து, ஸ்பூனால் சதையைச் சுரண்டி எடுத்துவிட்டுத் தோலையும் ஓரத்தையும் மட்டும் வைத்துக்கொள்வது. உருண்டை இலை என்றால் ஒரு பக்கம் கீறி விரித்துவிட வேண்டும். நீளம் ஒரு மீட்டரைத் தாண்டும் வகைகளுக்கு நுனி, நடு, அடி என்று மூன்று துண்டு. ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது என்று குறிப்பு. இடையிடையே ஒற்றுத்தாள், நெளி அட்டை, மேலே பலகை, சுற்றி வார். அடியில் இளஞ்சூடான காற்று. முதல் சில நாட்கள் ஒற்றுத்தாளை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பூக்கொத்து தனி. பூவிலிருந்து ஒட்டும் பதத்தில் தேன் சொட்டும், அது செய்தித்தாளோடு சேர்ந்து ஒட்டிக்கொண்டால் பூவைப் பிரிக்கவே முடியாது. அதனால் நாலைந்து பூவைச் சின்னப் பாட்டிலில் ஸ்பிரிட்டில் போட்டு, அந்தப் பாட்டிலின் எண்ணைத் தாளிலும் எழுதிவைப்பேன்.

போன கோடையில் மாமியார் கோவில்பட்டியிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்தபோது ஒருநாள் தோட்டத்துக்குக் கூட்டிப்போனேன். வேலை செய்யும் மேசையைப் பார்த்துவிட்டு, “இது நம்ம ஊரு மருள்லா மாப்பிள? காட்டுக்குள்ள கிடக்குமே” என்றார். “அதோட சொந்தக்காரங்க அத்த, ஆப்பிரிக்காவுல இருக்கறவங்க” என்றேன். சுரண்டிய தோலையும் அடுக்கிய அட்டையையும் கொஞ்ச நேரம் பார்த்தார். “அறுக்கீங்க, வேகவைக்காத குறையா ஒண்ணு பண்ணுதீங்க, காயப்போடுதீங்க. வத்தல் போடுததுக்கு இம்புட்டுப் படிப்பா?” வீட்டில் இன்றுவரைக்கும் என் உத்தியோகத்துக்குப் பெயர் வத்தல் ஆபீஸ்தான்.

காய்ந்து முடிந்ததும் கையில் மிஞ்சுவது என்ன தெரியுமா? வைக்கோல் நிறத்தில், நார் தெரியும் ஒரு தகடு. பட்டை போய்விட்டது. ஓரத்தின் சிவப்பு மங்கிவிட்டது. பிறை, வட்டம் எல்லாம் தட்டையாகிவிட்டது. பத்துச் சிற்றினத்தின் காய்ந்த இலைகளைக் கலந்துபோட்டு எது எது என்று கேட்டால் அனுபவசாலிகளே திணறுவார்கள். பூவை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்றால், பூவெல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரி: பச்சை கலந்த வெள்ளை, ஆறு மெல்லிய இதழ்கள் பின்னால் சுருண்டிருக்கும், அவ்வளவுதான். இந்தச் செடியின் அடையாளம் முழுவதும் இலையின் உருவத்தில் இருக்கிறது. காயவைத்தால் முதலில் தொலைவதும் அதுதான்.

அப்படியென்றால் ஆப்பிரிக்காவில் வெயிலில் அலைந்து பறித்து, ஒட்டகத்திலும் கப்பலிலும் ஏற்றி அனுப்பிய பழைய தாள்களின் கதி? அதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் ஒன்று உண்டு. கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஒரு மாதிரியைப் பார்த்து, லண்டனில் உள்ள கியூ தாவரவியல் தோட்டத்தின் தாவரவியலாளர் ஜான் கில்பர்ட் பேக்கர் 1898-இல் அதற்குப் பூஃபோன் ஃபிஷெரி என்று பெயர் வைத்தார். பூஃபோன் என்பது நம்ம விஷமூங்கில், அமரில்லிஸ் எல்லாம் சேர்ந்த குடும்பத்தில் ஒரு கிழங்குச் செடி. மண்ணிலிருந்து நேராகக் குட்டைத் தண்டில் பந்தாகப் பூக்கும். பேக்கர் கையில் இருந்தது பூங்கொத்து, இலை இல்லை. பூங்கொத்து மட்டும் என்றால் அப்படித்தான் தோன்றும், அவரைக் குறை சொல்ல முடியாது. பதினேழு வருஷம் கழித்து, அதே கியூவில், உயிரோடு இருந்த செடியைப் பார்த்து வேறொருவர் அதைச் சான்செவியேரியா சிங்குலாரிஸ் என்று விவரித்தார். ஒற்றை இலை ஈட்டி என்று மேலே சொன்னேனே, அது இதுதான். இரண்டும் ஒன்றே என்று தெரிந்து பெயரைச் சான்செவியேரியா ஃபிஷெரி என்று மாற்றியது 1986-இல். 88 வருஷம் ஒரு சான்செவியேரியா தவறான குடும்பத்தின் அலமாரியில் உட்கார்ந்திருந்தது. காட்டிலிருந்து வந்த மாதிரிதான் அது. மரியாதைக்குரிய லேபிள்தான்.

எங்கள் பசுமைக்குடிலிலும் இந்த ஃபிஷெரி இருக்கிறது. சின்ன வயதில் ஐந்தாறு பட்டை இலைகளோடு தரையோடு தரையாக ரோஜா அடுக்காகப் படர்ந்திருக்கும். முதிர்ந்தபின் ஒரே ஒரு உருளை இலையை நட்டுக்குத்தாக அனுப்பும். இரண்டையும் தனித்தனியாகப் பார்த்தால் வேறு வேறு செடி என்று சத்தியம் செய்வீர்கள். பூ, அந்த ஈட்டிக்குப் பக்கத்தில் மண்ணைக் கிழித்துக்கொண்டு வருகிறது. அதைத் தாளில் ஒட்டும்போது குட்டி இலை ஒரு தாள், ஈட்டி ஒரு தாள், பூ ஒரு தாள் என்று மூன்று தாளாக வைத்து, மூன்றும் ஒரே தொட்டி என்று ஒவ்வொன்றிலும் எழுதினேன். ஒரே செடியின் இளம் பருவம், முதிர்ந்த பருவம், பூ மூன்றையும் காட்டில் ஒரே பயணத்தில் எடுப்பது நடக்காத காரியம். வருடக்கணக்கில் பக்கத்திலேயே இருந்து பார்ப்பவருக்குத்தான் அது கிடைக்கும். பசுமைக்குடிலால் மட்டும் முடிகிற காரியம் அது.

சிங்குலாரிஸ் என்று பெயர் வைத்த அந்த ‘வேறொருவர்’ என். இ. பிரவுன். நிக்கோலஸ் எட்வர்ட் பிரவுன், 1849-இல் பிறந்தவர். 1873-இல் கியூ ஹெர்பேரியத்தில் சேர்ந்து 1914-இல் ஓய்வு பெற்றவர். அதற்கு முன்பு ரைகேட் ஊரில் வில்சன் சாண்டர்ஸ் என்ற செல்வந்தரிடம் வேலை. அங்கே சதைப்பற்றுச் செடிகள் ஏராளம். சாண்டர்ஸுக்காகத் தென்னாப்பிரிக்காவில் செடி சேகரித்த தாமஸ் கூப்பரின் மகளைத்தான் பிரவுன் கல்யாணம் செய்துகொண்டார். மாமனார் செடி அனுப்ப, மருமகன் பெயர் வைக்க, நல்ல குடும்பம்.

ஓய்வுபெற்ற அடுத்த வருஷம், 1915-இல், கியூவின் சஞ்சிகையில் சான்செவியேரியாவின் எல்லாச் சிற்றினங்களையும் பற்றி 70-க்கும் மேற்பட்ட பக்கங்களில் எழுதினார். அந்தக் காலத்தில் இந்தச் செடிமேல் இருந்த அக்கறை அழகுக்காக அல்ல, நாருக்காக. கயிறு, வலை, கப்பல் சாமான். 1887-இல் கியூ சஞ்சிகை தொடங்கிய முதல் வருஷத்திலேயே இந்த நார் பற்றிக் கட்டுரை வந்தது. எந்தச் சிற்றினத்தில் நார் நல்லது என்று கேட்டால் முதலில் எது எந்தச் சிற்றினம் என்று தெரிய வேண்டுமே. உலர்ந்த தாள்களை வைத்து அது நடக்காது என்று பிரவுனுக்குத் தெரியும். பெரும்பாலும் கியூவின் கண்ணாடிக் கூரைக்குக் கீழே இருந்த உயிர்ச்செடிகளைப் பார்த்துத்தான் எழுதினார். இலையின் குறுக்குவெட்டு, ஓரம், பட்டை, சொரசொரப்பு என்று நான் மேலே சொன்ன பட்டியல் என் சொந்தச் சரக்கு இல்லை, அவர் வழி வந்தது. சில வருஷம் கழித்துக் கல் மாதிரி இருக்கும் லித்தாப்ஸ் செடிகளிலும் அதே பிடிவாதத்தோடு இறங்கினார். அந்தப் பேரினத்துக்குப் பெயர் வைத்தவரும் இவர்தான், 1922-இல்.

இங்கே கொல்கத்தா வருகிறது. நம் வீட்டில் நிற்கும் சாதாரண ஸ்நேக் பிளாண்டின் சிற்றினப் பெயர் ட்ரைஃபேசியாட்டா. சொந்த ஊர் நைஜீரியாவிலிருந்து காங்கோ வரையிலான பகுதி. ஆனால் அதற்கு அந்தப் பெயரை வைத்தவர் ஆப்பிரிக்காவில் அதைப் பறித்தவர் இல்லை. கல்கத்தா தாவரவியல் தோட்டத்தின் தலைவராக இருந்த டேவிட் பிரெய்ன், 1903-இல் வங்காளத் தாவரங்கள் பற்றிய தன் நூலில், அங்கே தோட்டங்களில் வளர்ந்த செடியை வைத்துப் பெயரிட்டார். உலகத்திலேயே அதிகமாக விற்கும் தொட்டிச் செடிகளில் ஒன்று அறிவியலுக்குள் நுழைந்தது ‘தோட்டத்தில் வளர்ந்தது’ என்ற வாசல் வழியாகத்தான். அதே பிரெய்ன் 1905 முதல் 1922 வரை கியூவின் இயக்குநர். அதாவது பிரவுன் தன் ஆராய்ச்சியை எழுதும்போது, ட்ரைஃபேசியாட்டாவுக்குப் பெயர் வைத்தவர்தான் அலுவலகத்தில் பெரிய நாற்காலியில் இருந்தவர். இதைப் படித்தபோது எனக்கு வந்த முதல் கேள்வி அறிவியல் கேள்வி இல்லை. பிரவுன் அந்தப் பகுதியை எழுதும்போது பேனா கொஞ்சம் தயங்கியிருக்குமா என்பதுதான்.

ட்ரைஃபேசியாட்டாவுக்கு இன்னொரு தொல்லை இருந்தது. பல காலம் நர்சரிக்காரர்கள் அதைச் சைலானிகா என்று விற்றார்கள், இன்றும் சில இடங்களில் விற்கிறார்கள். அசல் சைலானிகா இலங்கையின் வறண்ட பகுதிச் செடி. பார்த்தால் மங்கலாக, அடக்கமாக இருக்கும், யாரும் வரவேற்பறையில் வைக்க மாட்டார்கள். குழப்பம் ஆரம்பத்திலேயே இருக்கிறது. ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753-இல் இவை எல்லாவற்றையும் கற்றாழையோடு சேர்த்து, ஒரே சிற்றினத்தின் இலங்கை வகை, கினி வகை என்று பிரித்துப்போட்டார். அப்புறம் இந்தியாவில் வேலை பார்த்த தாவரவியலாளர் ராக்ஸ்பர்க் கோரமண்டல் கரைச் செடிகள் நூலில் நம் பக்கத்து மருளைப் படம் போட்டுச் சைலானிகா என்றே குறித்தார். அது வேறு என்று 1829-இல் பிரித்து, அவர் பெயரையே சூட்டி ராக்ஸ்பர்கியானா ஆக்கினார்கள். அத்தை மேசையில் பார்த்து நினைவுபடுத்திக்கொண்டது இந்த ராக்ஸ்பர்கியானாவைத்தான்.

மஞ்சள் ஓரம் போட்ட ஸ்நேக் பிளாண்ட் தனிக் கதை. பெல்ஜியத்துக்காரர் எமில் லாரென்ட் காங்கோவில் கண்ட செடி. 1904-இல் லாரென்ட்டி என்று தனிச் சிற்றினமாகவே வெளியிட்டார்கள். பிரவுன் அதை ட்ரைஃபேசியாட்டாவின் ஒரு வகை என்று இறக்கிவிட்டார். அவர் சொன்னது சரி என்று நீங்களே வீட்டில் நிரூபிக்கலாம். மஞ்சள் ஓர இலையைத் துண்டாக வெட்டி மண்ணில் நட்டு வையுங்கள். மாதக்கணக்கில் காத்திருந்தால் கன்று வரும், ஆனால் மஞ்சள் ஓரம் இருக்காது, வெறும் பச்சை. மஞ்சள் என்பது ஓரத்துச் செல்களில் மட்டும் இருக்கும் குறை. புதுக் கன்று உள்ளே இருக்கும் பச்சைச் செல்களிலிருந்து கிளம்புகிறது. மஞ்சள் வேண்டுமென்றால் கிழங்கைப் பிரித்துத்தான் நட வேண்டும். “ஆன்லைனில் வாங்கிய செடி நிறம் மாறிவிட்டது, ஏமாற்றிவிட்டார்கள்” என்று புலம்புபவர்களில் பலர் இலையை நட்டவர்களாக இருப்பார்கள். காய்ந்த தாளில் ஒட்டிய மஞ்சள் ஓர இலையைப் பார்த்து இதையெல்லாம் யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது.

பசுமைக்குடில் தாளுக்கு இவ்வளவு வக்காலத்து வாங்கிவிட்டேன், அதன் குறையையும் சொல்லிவிட வேண்டும். முதல் குறை வெளிச்சம். இங்கிலாந்தின் குளிர்காலத்தில் வளரும் இலை ஒல்லியாக நீண்டுவிடும், பட்டை மங்கிவிடும். காட்டில் வெயிலில் கட்டையாக, சிவந்த ஓரத்தோடு இருப்பது இங்கே வேறு ஆள். அதனால்தான் லேபிளில் எந்த மாதம் எடுத்தது, எந்த மேடையில் நின்ற செடி என்று எழுதுகிறோம். இரண்டாவது குறை, எலி. அணில் என்றும் சொல்லலாம். தொட்டியில் குத்தியிருக்கும் பிளாஸ்டிக் பெயர்ப்பட்டையைக் கடித்துப் போட்டுவிடும். மூன்றாவது, மனிதர்கள். தொட்டி மாற்றும்போது பெயர்ப்பட்டை மாறுவது உலகத்தில் எல்லாத் தோட்டத்திலும் நடக்கிறது, எங்கும் யாரும் ஒப்புக்கொள்வதில்லை. அப்புறம் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் செடிகள் கலந்து விதை பிடித்து, எதற்கும் சேராத ஒன்று முளைத்து நிற்பது.

இதற்கு மருந்து ஒன்றுதான்: வரவு எண். ஒரு செடி தோட்டத்துக்குள் வந்த நாளிலேயே வரவுப் பதிவேட்டில் ஏறிவிட வேண்டும். யார் கொடுத்தது, எந்த நாட்டில் எந்த இடத்தில் எடுத்தது, எடுத்தவரின் சேகரிப்பு எண் என்ன என்று. அந்த எண் தொட்டியிலும், தாளிலும், பாட்டிலிலும், படத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும். அது இருந்தால் பசுமைக்குடில் தாள் காட்டுத் தாளைவிட அதிகம் பேசும். 1960-களில் ஒருவர் கென்யாவில் பூக்காத கன்றாக எடுத்து அனுப்பியது, இருபது வருஷம் கழித்து இங்கே பூத்தால், அந்தத் தாளில் காட்டின் முகவரியும் இருக்கும், பூவும் இருக்கும், வெட்டு உருவமும் இருக்கும். எண் இல்லை என்றால் அது வெறும் வத்தல், அத்தை சொன்னது சரி. அப்படி எண் இல்லாமல் நல்ல அழகான, கவனமாக ஒட்டிய தாள்கள் கட்டுக் கட்டாகக் கிடக்கின்றன. என்னைக் கேட்டால், காட்டில் எடுத்ததா தோட்டத்தில் எடுத்ததா என்று பிரிப்பதை விட்டுவிட்டு, எண் உள்ளதா இல்லாததா என்று பிரிக்க வேண்டும்.

சான்செவியேரியா மட்டும் இப்படி என்றும் இல்லை. 1820-களில் கியூவில் டங்கன்சன், பாண்ட் என்று இரண்டு ஓவியர்களை வைத்து, தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியிலிருந்து வந்து அங்கே வளர்ந்த கற்றாழை, ஹாவர்த்தியா, கேஸ்டீரியா எல்லாவற்றையும் வரையவைத்தார்கள். காயவைத்த மாதிரி இல்லாத பல பெயர்களுக்கு இன்றுவரை அந்த ஓவியங்கள்தான் சாட்சி. உருண்டையான யூஃபோர்பியா ஒபீசாவையும், கியூவில் வளர்ந்த செடியைப் பார்த்து ஜோசப் ஹூக்கர் விவரித்தது 1903-இல், பிரெய்ன் ஸ்நேக் பிளாண்டுக்குப் பெயர் வைத்த அதே வருஷம். படம் வெளியான பின் தென்னாப்பிரிக்காவின் வறண்ட காரூ பகுதியில் அது இருந்த சின்ன இடத்தைச் சேகரிப்பாளர்கள் வழித்துத் துடைத்துவிட்டார்கள். இன்று விற்பனைக்கு நிற்பவை தொட்டியில் விதைத்து வளர்த்தவை.

இப்போது இன்னொரு தலைவலி. மரபணுவைப் பார்த்ததில் சான்செவியேரியா முழுவதும் ட்ரசீனா பேரினத்துக்குள்தான் அடங்குகிறது என்று தெரிந்து, 2017, 2018 வாக்கில் பெயர்களை எல்லாம் மாற்றிவிட்டார்கள். ட்ரைஃபேசியாட்டா ட்ரசீனா ட்ரைஃபேசியாட்டா ஆகிவிட்டது. உருளை இலையுள்ள சிலிண்ட்ரிகாவுக்கு ட்ரசீனா அங்கோலென்சிஸ் என்று பெயரே மாறிவிட்டது. ஹெர்பேரியத்தில் பழைய பெயரை அடிக்கக் கூடாது. சின்னச் சீட்டில் புதுப் பெயரை எழுதி, மாற்றியவர் பெயரும் வருஷமும் போட்டு, பழைய லேபிளுக்கு மேலே ஒட்ட வேண்டும். சில தாள்களில் பேக்கர் கால லேபிள், பிரவுன் காலச் சீட்டு, 1986 சீட்டு, இப்போது இது என்று செடிக்கு இடமே இல்லை. அலமாரியையும் மாற்றச் சொன்னார்கள். நாங்கள் மாற்றவில்லை. வரும் ஆராய்ச்சியாளர்கள் எல்லோரும் “சான்செவியேரியா எங்கே?” என்றுதான் கேட்கிறார்கள்.

போன முறை இந்தச் செடியின் படம் போட்டபோது பலர் கேட்டது: “ராத்திரியில் ஆக்சிஜன் கொடுக்குமாமே, படுக்கையறையில் வைக்கலாமா?” வையுங்கள், அழகாக இருக்கும். இந்தச் செடி இரவில் இலைத் துளையைத் திறந்து கரியமில வாயுவை எடுத்துக்கொள்கிறது என்பது உண்மை. வறண்ட நாட்டில் பகலில் திறந்தால் தண்ணீர் போய்விடும். ஆனால் ஆக்சிஜன் வெளிச்சத்தில்தான் உண்டாகும். வீட்டுச் செடிகள் காற்றைச் சுத்தம் செய்யுமா என்று 1989-இல் நாசா செய்த சோதனையும் காற்றுப் புகாத சின்னப் பெட்டிக்குள் நடந்தது. நம் வீட்டு ஜன்னலும் கதவு இடுக்கும் செய்வதை ஒரு தொட்டி செய்துவிடாது.

இன்னொருவர், தன் பால்கனிச் செடி முதல்முறை பூத்திருக்கிறது, அதை மாதிரியாக வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டிருந்தார். தாராளமாக. பூவைச் சாயங்காலம் பறியுங்கள். இலையில் ஒன்றை நடுவில் வெட்டி முதலில் வெட்டு முகத்தைச் சுற்றி வரையுங்கள். ஃப்ரீஸரில் ஒரு ராத்திரி வைத்து எடுத்து, பிளந்து, சுரண்டி, செய்தித்தாளை மாற்றி மாற்றிக் கனமான புத்தகத்துக்கு அடியில் வையுங்கள். மழைக்காலம் என்றால் ஃபேன் காற்று வேண்டும். லேபிளில் ஊர், தேதி, எத்தனை வருஷச் செடி, வெயில் படும் பக்கமா என்பதோடு எங்கே வாங்கியது என்பதையும் எழுதுங்கள். பக்கத்து வீட்டு அக்கா கொடுத்தது என்றால் அப்படியே எழுதுங்கள். அக்காவுக்கு யார் கொடுத்தது என்று கேட்டு அதையும் சேர்த்துவிடுங்கள். நர்சரி ரசீது கிடைத்தால் பின்பக்கம் ஒட்டிவிடலாம். மை அழிந்துவிடும் வகை ரசீது, அதனால் முதலில் ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள்.